வண்டிக்குக் கிழக்கும் மேற்கும் தெரியுமா? – முப்பந்தலில் கொதித்த அம்பாசடரும் ரேடியேட்டரின் கதையும்

என் மாமா, அதாவது அம்மாவின் அண்ணன், தக்கலையில் டாக்ஸி ஓட்டியவர். இப்போது அவருக்கு எழுபத்தெட்டு வயசு. வீட்டில் எல்லோரும் ஒன்றுகூடும் நாட்களில் அவரைப் பற்றி ஒரு பழைய கதை கட்டாயம் வரும். 1976 ஆடி மாதத்தில் முதலாளியின் அம்பாசடரில் சவாரி ஏற்றிக்கொண்டு திருநெல்வேலிக்குப் போனார். முப்பந்தல் பக்கம் வண்டி கொதித்து, எஞ்சின் பிடித்து நின்றுவிட்டது. ஹெட் கேஸ்கெட் எரிந்து, ஹெட்டும் வளைந்து போயிருந்தது. ரிப்பேர் செலவில் பாதியை மாமா சம்பளத்தில் முதலாளி பிடித்துக்கொண்டார். ஆறு மாசம் பாதிச் சம்பளம்தான். அதற்குப் பிறகு ஸ்டாண்டில் மாமாவுக்கு 'வெள்ளம் பாக்காதவன்' என்று பேர் நிலைத்துவிட்டது. எங்கள் பக்கத்தில் வெள்ளம் என்றால் தண்ணீர். ஒரு டிரைவரைத் திட்டுவதற்கு இதைவிடக் கேவலமான வார்த்தை அந்தக் காலத்தில் கிடையாது.

மாமா அப்போது இரண்டு விஷயம் சொல்லியிருக்கிறார். ஒன்று: "வண்டி கெழக்க போவும்போதுதான் சூடாவுது. மேக்க வரும்போது ஒண்ணுமில்ல." இரண்டு: "சூடு முள்ளு ஏறி, பெறவு எறங்கிச்சு. எறங்கினதுனாலதான் ஓட்டினேன்."

இரண்டையுமே யாரும் நம்பவில்லை. முதலாளி கேட்டாராம்: "வண்டிக்குக் கெழக்கும் மேக்கும் தெரியுமாலே?" ஸ்டாண்டே சிரித்திருக்கிறது. எங்கள் வீட்டிலும் நாற்பது வருஷமாக அந்த வரியைச் சொல்லிச் சிரித்துக்கொண்டுதான் இருந்தோம். நானும் சிரித்திருக்கிறேன்.

போன ஆடியில் அப்பாவின் பழைய அம்பாசடர் அதே முப்பந்தலில் என் கையில் சூடாகும்வரை அப்படித்தான்.

வெள்ளம் தேடிய முதல் பயணம்

சரி, கொஞ்சம் பின்னால் போவோம். மோட்டார் வண்டி பிறந்த நாளிலிருந்தே அதற்குத் தண்ணீர்ப் பிரச்சினை உண்டு.

கார்ல் பென்ஸ் தன் மூன்று சக்கர வண்டிக்கு 1886 ஜனவரியில் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். அதில் இன்று நாம் பார்க்கிற மாதிரி ரேடியேட்டர் கிடையாது. சிலிண்டரைச் சுற்றி நிற்கும் தண்ணீர் கொதித்து ஆவியாகிப் போகும், போகப்போக ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். 1888 ஆகஸ்டில் அவர் மனைவி பெர்த்தா பென்ஸ் இரண்டு மகன்களையும் ஏற்றிக்கொண்டு, கணவரிடம் சொல்லாமல், மன்ஹைமிலிருந்து ஃபோர்ட்ஸ்ஹைமுக்கு ஓட்டிப் போனார். தூரம் நூறு கிலோமீட்டருக்குச் சற்று மேல், கிட்டத்தட்ட தக்கலையிலிருந்து திருநெல்வேலி. உலகத்தின் முதல் நெடுந்தூர கார் பயணம் என்று புத்தகங்களில் வருவது இதுதான். எரிபொருள் குழாய் அடைப்பைத் தொப்பி ஊசியால் குத்தி எடுத்தது, வீஸ்லோக் என்ற ஊரில் மருந்துக்கடையில் எரிபொருள் வாங்கியது எல்லாம் பிரசித்தம். அவ்வளவாகப் பேசப்படாத விஷயம், வழியெல்லாம் கிணறு, ஓடை, சத்திரம் என்று தண்ணீர் தேடிக்கொண்டே போனதுதான். அந்தப் பயணம் நடந்ததே வழியில் தண்ணீர் கிடைத்ததால்தான் என்று சொன்னாலும் தப்பில்லை.

தண்ணீரை ஆவியாக விட்டுத் தொலைக்காமல், ஆறவைத்துத் திரும்பப் பயன்படுத்தும் வழியை ஒழுங்காகக் கண்டவர் வில்ஹெல்ம் மேபாக். 1901ல் வெளிவந்த முதல் மெர்சிடிஸ் காரில் அவர் தேன்கூடு ரேடியேட்டரைப் பொருத்தினார். 6 மில்லிமீட்டர் சதுர வாய் கொண்ட 8,070 சிறு குழாய்கள் சேர்ந்த ஒரு பெட்டி அது. குழாய்களுக்குள்ளே காற்று போகும், குழாய்களுக்கு இடையிலே தண்ணீர் இறங்கும். பின்னால் ஒரு விசிறி. இந்தப் பெட்டி வந்ததும் வண்டி சுமக்கவேண்டிய தண்ணீர் ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். ரேடியேட்டர் தண்ணீரை வைத்து எஞ்சினை ஆறவைக்கிறது என்றுதான் நாம் நினைக்கிறோம். உண்மையில் தண்ணீர் ஒரு சுமைதூக்கி மட்டும்தான். எஞ்சினிலிருந்து சூட்டை வாங்கி முன்னால் கொண்டுவந்து வைக்கும். அதை எடுத்துப் போவது காற்று. தண்ணீர் எவ்வளவு இருந்தாலும் காற்று வராவிட்டால் அந்தச் சூடு போக இடமில்லை. 1976ல் மாமாவிடம் எல்லோரும் கேட்டது "வெள்ளம் பாத்தியா?" என்றுதான். "காத்து எப்படி இருந்துது?" என்று ஒருத்தரும் கேட்கவில்லை.

ஃபோர்டு மாடல் டி 1908ல் வந்தபோது முதலில் செய்த ஏறத்தாழ 2,500 வண்டிகளில் தண்ணீர் பம்ப் இருந்தது. பிறகு ஃபோர்டு அதையும் எடுத்துவிட்டார். சூடான தண்ணீர் தானே மேலே ஏறும், ஆறினது தானே கீழே இறங்கும், பம்ப் எதற்கு என்பது அவர் கணக்கு. சமதரையில் இது ஓடும். தண்ணீர் மேல் குழாய் மட்டத்துக்குக் கீழே குறைந்துவிட்டால் சுற்று அறுந்துவிடும், கொதிநிலைதான். அந்தக் காலத்தில்தான் ரேடியேட்டர் மூடியின் மேலேயே ஒரு வெப்பமானியை நட்டுவைக்கும் வழக்கம் வந்தது. 1912ல் அமெரிக்காவில் காப்புரிமை பெற்ற பாய்ஸ் மோட்டோமீட்டர் அந்த வகை. டிரைவர் கண்ணாடி வழியாகவே பார்த்துக்கொள்ளலாம். அந்தக் கருவி நேராகத் தண்ணீரைத் தொடாது, தண்ணீருக்கு மேலே நிற்கும் ஆவியின் சூட்டைக் காட்டும். வெப்பமானி எதைத் தொட்டுக்கொண்டிருக்கிறதோ அதன் சூட்டைத்தான் சொல்லும், எஞ்சினுடைய சூட்டை அல்ல. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டும்.

எங்கள் ரோடு

தக்கலை திருவனந்தபுரம்–நாகர்கோவில் ரோட்டில் இருக்கிறது. மேற்கே போனால் ஐம்பது கிலோமீட்டரில் திருவனந்தபுரம். கிழக்கே பதினேழு கிலோமீட்டரில் நாகர்கோவில். அதையும் தாண்டி தோவாளை, ஆரல்வாய்மொழி, முப்பந்தல், காவல்கிணறு, பணகுடி, வள்ளியூர், நாங்குநேரி என்று திருநெல்வேலி வரைக்கும் நீளும். பழைய திருவிதாங்கூருக்குத் தெற்கு வாசல் ஆரல்வாய்மொழிதான். மலைக்கு நடுவே ஒரு இடைவெளி. 1809ல் வேலுத்தம்பி தளவாயின் கிளர்ச்சியின்போது பிரிட்டிஷ் படை கோட்டையை உடைத்து நுழைந்ததும் இந்த வாசல் வழியாகத்தான்.

இந்த ரோட்டில் மோட்டாருக்கு நல்ல காலம் சீக்கிரமே வந்தது. 1938 பிப்ரவரி 20ஆம் தேதி சித்திரைத் திருநாள் மகாராஜா திருவிதாங்கூர் அரசுப் போக்குவரத்தைத் தொடங்கிவைத்தார். அதை நடத்த லண்டனிலிருந்து ஈ.ஜி. சால்ட்டர் என்பவரை அழைத்து வந்தார்கள். சேசிஸ் இங்கிலாந்திலிருந்து வந்த கோமர், பாடி இங்கேயே கட்டினது. சர் சி.பி. ராமசாமி ஐயர் திவானாக இருந்த காலத்தில் திருவனந்தபுரத்திலிருந்து கன்னியாகுமரி வரை சிமெண்ட் கான்கிரீட் ரோடும் போட்டார்கள். 1956 நவம்பர் 1ல் கன்னியாகுமரி மாவட்டம் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தபோது, மாநிலத்தின் பெரும்பாலான மாவட்டங்களில் தனியார் பஸ்தான் ஓடிக்கொண்டிருந்தது. எங்கள் மாவட்டத்தில் மட்டும் அதற்கு முன்பே அரசு பஸ் ஓடியது.

ஆனால் ரயில் கிடையாது. திருவனந்தபுரம்–கன்னியாகுமரி ரயில் 1979ல்தான் வந்தது. நாகர்கோவில்–திருநெல்வேலி பாதை திறந்தது 1981ல். அதுவரை அவசரத்துக்கு, ஆஸ்பத்திரிக்கு, கோர்ட்டுக்கு, கல்யாணத்துக்குத் திருநெல்வேலி போகவேண்டுமானால் பஸ், இல்லாவிட்டால் டாக்ஸி. மாமா ஓட்டின காலம் அது. டாக்ஸி என்றால் அம்பாசடர்.

அம்பாசடர் ஒரு இங்கிலாந்துக்காரன். ஆக்ஸ்ஃபோர்டு பக்கத்தில் பிறந்த மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு மூன்றாம் வரிசைதான் அது. இந்துஸ்தான் மோட்டார்ஸ் அதன் அச்சை வாங்கி, வங்காளத்தில் உத்தர்பாராவில் வைத்து 1957லிருந்து செய்யத் தொடங்கியது. முதலில் 1476 சிசி பக்கவாட்டு வால்வு எஞ்சின். 1959ல் 1489 சிசி மேல் வால்வு எஞ்சின் வந்தது, பி.எம்.சி. கம்பெனியின் பி சீரிஸ். பெட்ரோல் அம்பாசடர் என்று நம் ஊரில் சொன்னால் ரொம்ப காலத்துக்கு இந்த எஞ்சின்தான். 2014 மே மாதத்தில் உற்பத்தி நின்றது. எங்கள் வீட்டு வண்டி 1984 மார்க் 4.

குளிர்நாட்டு வண்டியும் நம்ம ஊர் மெக்கானிக்கும்

குளிர்நாட்டில் எஞ்சினுக்கு முதல் பிரச்சினை சூடு ஏறாமல் இருப்பது. எஞ்சின் ஒரு அளவு சூட்டில்தான் நன்றாக ஓடும். சில்லென்று ஓடினால் பெட்ரோல் முழுக்க எரியாது. எரியாதது சிலிண்டர் சுவரில் இருக்கும் ஆயிலைக் கழுவிவிடும், தேய்மானம் கூடும். அதற்காக வைத்த கதவுதான் தெர்மோஸ்டாட். தண்ணீர் எண்பது டிகிரி பக்கம் வரும்வரை ரேடியேட்டருக்குப் போகும் வழியை அடைத்து வைக்கும்.

பழைய தெர்மோஸ்டாட் உள்ளே பித்தளைத் துருத்தி ஒன்று இருக்கும், அதற்குள் எளிதில் ஆவியாகும் திரவம். அந்தத் துருத்தியில் ஓட்டை விழுந்தால் பெரும்பாலும் கதவு திறந்த நிலையிலேயே நின்றுவிடும், ஆபத்தில்லை. பிற்காலத்தில் மெழுகு வைத்த தெர்மோஸ்டாட் வந்தது. அழுத்தம் தாங்கும், விலை மலிவு, ஆனால் கெட்டுப்போனால் மூடிய நிலையில் நின்றுவிடும் வாய்ப்பு அதிகம். மூடி நின்றால் எஞ்சின் வெந்துவிடும். நம்ம ஊர் மெக்கானிக்குகள் இதைப் பார்த்து ஒரு முடிவுக்கு வந்தார்கள். புது வண்டி வந்தாலும் சரி, பழசானாலும் சரி, முதல் வேலை தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிவது. 'இந்த ஊருக்கு இது எதுக்கு?'

இதை அறியாமை என்று எழுதிவிடுவது சுலபம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. உதிரி பாகம் கிடைக்காத காலம், சவாரி நின்றால் சோறு நிற்கும். வண்டி நடுவழியில் வேகாமல் இருப்பதற்காகப் பெட்ரோல் கொஞ்சம் கூடக் குடிப்பதையும், எஞ்சின் கொஞ்சம் சீக்கிரம் தேய்வதையும் ஏற்றுக்கொண்டார்கள். கணக்குப் போட்டுச் செய்ததுதான். அதன் கெடுதல் வேறு இடத்தில் இருக்கிறது. தெர்மோஸ்டாட் இல்லாத எஞ்சின் சாதாரண நாட்களில் தேவைக்கும் குறைவான சூட்டில் ஓடுகிறது. அதனால் பெல்ட் தளர்ந்திருந்தாலும், ரேடியேட்டர் பாதி அடைத்திருந்தாலும் வெளியே தெரிவதில்லை. எல்லாம் சரியாக இருப்பது போலவே இருக்கும், ஒரு கெட்ட நாள் வரும்வரை.

இன்னொன்று ரேடியேட்டர் மூடி. அது வெறும் மூடி இல்லை, அதற்குள் ஸ்பிரிங் வைத்த வால்வு இருக்கிறது. உள்ளே அழுத்தம் கூடினால் தண்ணீரின் கொதிநிலை ஏறும். ஒரு சதுர அங்குலத்துக்கு ஒரு பவுண்டு கூடினால் ஏறக்குறைய ஒன்றரை டிகிரிக்குச் சற்று மேல். 7 பவுண்டு மூடி சரியாக இருந்தால் தண்ணீர் 100ல் கொதிக்காது, 111 வரை தாங்கும். ரப்பர் வாஷர் போன மூடி என்றால் 100லேயே கொதித்து வெளியே சாடிவிடும். அதே எஞ்சின், அதே சூடுதான். மூடி நன்றாக இருந்தால் வண்டி ஊர் போய்ச் சேரும், மூடி போயிருந்தால் ரோட்டோரம்தான்.

போன ஆடி

இப்போது என் கதை. அம்மாவைப் பாளையங்கோட்டையில் ஒரு டாக்டரிடம் மாதம் இரண்டு முறை கூட்டிப் போகவேண்டியிருந்தது. அப்பாவின் அம்பாசடரில்தான் வருவேன் என்று அம்மா பிடிவாதம், அதில்தான் கால் நீட்ட முடியுமாம். டாஷ்போர்டுக்குக் கீழே அப்பா தனியாக மாட்டிய ஒரு வெப்பமானி உண்டு. மெல்லிய செம்புக் குழாய் எஞ்சினுக்குள் போகும் பழைய ரகம். ஆடி முதல் வாரம் முப்பந்தல் தாண்டும்போது முள் நூறைத் தொட்டது. ஓரம் கட்டி, அரைமணி நேரம் ஆறவைத்து, மறுபடி ஓட்டினேன். திரும்பி வரும்போது ஒன்றுமில்லை. அடுத்த தடவையும் அப்படியே.

உள்ளூரில் ஒருவரிடம் காட்டினேன். அவர் கேட்டது சரியான கேள்வி: "நிக்கும்போது சூடாவுதா, ஓடும்போது சூடாவுதா?" பழைய வண்டியில் சூட்டைக் கண்டுபிடிக்க இதுதான் முதல் வாசல். டிராஃபிக்கில் நிற்கும்போது சூடாகி, ஓடும்போது இறங்கினால் காற்றுப் பிரச்சினை: விசிறி, பெல்ட். நிற்கும்போது ஒன்றுமில்லாமல், நெடுஞ்சாலையில் ஓடும்போது ஏறினால் தண்ணீர்ப் பிரச்சினை: ரேடியேட்டர் அடைப்பு, உறிஞ்சி ஒட்டிக்கொள்ளும் கீழ் ஓஸ், வாட்டர் பாடி. இல்லாவிட்டால் ஹெட் கேஸ்கெட், இக்னிஷன் டைமிங். நான் சொன்னேன்: "ஓடும்போதுதான்." அவர் முகம் மாறியது. "அப்போ ரேடியேட்டர் போச்சு. ஹெட்டையும் எறக்கிப் பாத்துரணும்." சொன்ன தொகை அந்த வண்டியின் விலையில் பாதிக்கு மேல். தம்பி வேறு ஃபோனில், "இரும்புக் கடையில போட்டுரு, ஒரு வேகன்ஆர் வாங்குவோம்" என்றான். அம்மா ஒன்றும் சொல்லவில்லை, வண்டியைத் துடைத்துக்கொண்டு நின்றாள்.

அன்று ராத்திரிதான் மாமாவின் வரி ஞாபகம் வந்தது. கிழக்கே போகும்போது மட்டும். என் வண்டியும் அப்படித்தானே செய்கிறது?

மேற்குத் தொடர்ச்சி மலையின் தென்கோடியில் தென்மேற்குப் பருவக்காற்று புகுந்து வரும் இடைவெளிகள் சில உண்டு. பாலக்காடு, செங்கோட்டை, ஆரல்வாய்மொழி. முப்பந்தலில் காற்றாலைக் காடு நிற்பது சும்மாவா? ஆனி, ஆடி, ஆவணியில் மணிக்கு 35, 40 கிலோமீட்டர் வேகத்தில் காற்று வீசுவது அங்கே அதிசயமே இல்லை. மேற்கிலிருந்து கிழக்கே. தோவாளையிலிருந்து காவல்கிணறு வரை ரோடும் ஏறக்குறைய கிழக்கே போகிறது.

இப்போது சின்னக் கணக்கு. வண்டி 45ல் போகிறது, பின்னாலிருந்து காற்று 40ல் வருகிறது. ரேடியேட்டர் முகத்தில் படும் காற்று வெறும் 5. ஸ்பீடாமீட்டர் 45 காட்டினாலும், ரேடியேட்டரைப் பொறுத்தவரை வண்டி மார்த்தாண்டம் ஜங்ஷனில் நிற்கிறது. திரும்பி வரும்போது அதே 45 வேகத்தில் முகத்தில் படுவது 85. மெக்கானிக் கேட்ட கேள்வி சரிதான். நான் சொன்ன பதில்தான் தப்பு. ரோட்டுக்கு வண்டி ஓடிக்கொண்டிருந்தது, காற்றுக்கு அது நின்றுகொண்டிருந்தது. ஆகவே இது ரேடியேட்டர் கேஸ் இல்லை, விசிறி கேஸ்.

காலையில் எஞ்சின் ஆறியிருக்கும்போது பானட்டைத் திறந்தேன். (சூடாக இருக்கும்போது மூடியைத் திறக்காதீர்கள். அழுத்தம் விட்டதும் உள்ளே இருப்பது மொத்தமும் கொதித்து முகத்தில் அடிக்கும். ஆறும்வரை காத்திருப்பதைத் தவிர வேறு வழி கிடையாது.) தண்ணீர் நிறைய இருந்தது. மூடி திறந்த நிலையில் ஸ்டார்ட் செய்து பார்த்தேன், குமிழி வரவில்லை. ஆயில் கம்பியை உருவிப் பார்த்தேன், டீ நிறத்தில் கலங்கல் இல்லை. அப்படியென்றால் ஹெட் கேஸ்கெட் அநேகமாக நன்றாகவே இருக்கிறது. எஞ்சினை நிறுத்தி பெல்ட்டைப் பெருவிரலால் அழுத்தினேன். அரை அங்குலம் இறங்கவேண்டியது ஒரு அங்குலத்துக்கு மேல் இறங்கியது. உட்பக்கம் கண்ணாடி மாதிரி பளபளப்பு. இந்த எஞ்சினில் விசிறியும் வாட்டர் பாடியும் ஒரே தண்டில்தான் இருக்கின்றன, ஒரே பெல்ட்தான் சுற்றுகிறது. பெல்ட் வழுக்கினால் காற்றும் போச்சு, தண்ணீர் ஓட்டமும் போச்சு. பேட்டரி சார்ஜும் அதே பெல்ட்தான். ராத்திரியில் ஹெட்லைட் மங்கலாக எரிவதைப் பேட்டரிக் கோளாறு என்று நான் தனியாகக் கவலைப்பட்டுக்கொண்டிருந்தேன்.

புதுப் பெல்ட் ஒன்று வாங்கி மாட்டினேன். ரேடியேட்டர் இடுக்கில் அடைந்திருந்த பூச்சி, மண் எல்லாவற்றையும் பின்பக்கத்திலிருந்து தண்ணீர் அடித்துக் கழுவினேன். மூடி மாற்றினேன். மொத்தச் செலவு ஒரு ஆயிரம் ரூபாய்க்குள். அந்த வாரமே அம்மா இல்லாமல் தனியாக ஓட்டிப் பார்த்தேன். நல்ல காற்று, காற்றாலை எல்லாம் பறந்து சுற்றுகிறது. முப்பந்தலில் முள் 88 வரை ஏறி நின்றது. காவல்கிணறு தாண்டி ரோடு வடக்கே பணகுடிப் பக்கம் திரும்பியதும் காற்று பக்கவாட்டுக்குப் போனது, முள் மெதுவாக இறங்கியது. வண்டிக்குக் கிழக்கும் மேற்கும் நன்றாகவே தெரிகிறது.

இறங்கிய முள்

மாமா சொன்ன இரண்டாவது விஷயம் மிச்சம் இருக்கிறது. முள் ஏறி, பிறகு இறங்கியது என்பது. எஞ்சின் வெந்துகொண்டிருக்கும்போது முள் எப்படி இறங்கும்? முதலாளி இதைத்தான் பச்சைப் பொய் என்று சொன்னாராம்.

மேலே பாய்ஸ் மோட்டோமீட்டரைப் பற்றிச் சொன்னதை நினைத்துக்கொள்ளுங்கள். வெப்பமானியின் குமிழ் தண்ணீரில் முங்கி இருக்கும்வரை தண்ணீரின் சூட்டைச் சொல்லும். மூடி லீக் ஆகி, தண்ணீர் கொதித்து வெளியே சாடி, மட்டம் குமிழுக்குக் கீழே போய்விட்டால், அது வெறும் காற்றிலும் ஆவியிலும் நிற்கும். இரும்பிலிருந்து சூட்டை அதற்குக் கொண்டுபோய்க் கொடுக்க ஆளில்லை. முள் இறங்கும். டிரைவர் நிம்மதியாக மூச்சுவிடுவார். எஞ்சினுக்கு அது கடைசி ஐந்து நிமிஷம். பழைய வண்டி வைத்திருக்கிற யாராவது இதைப் படித்தால், இந்த ஒன்றை மட்டுமாவது ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்: ஏறின முள் காரணமில்லாமல் சட்டென்று இறங்கினால் அது நல்ல செய்தி இல்லை. உடனே நிறுத்துங்கள்.

ஆக மாமா சொன்ன இரண்டுமே நடந்திருக்கக் கூடியதுதான். நடந்தது என்று என்னால் நிரூபிக்க முடியாது. அந்த வண்டி எந்த இரும்புக் கடையில் எப்போது போனதோ. ஆனால் 'இப்படி நடக்கவே நடக்காது' என்று சொல்லித்தான் அவரைப் பொய்யன் ஆக்கினார்கள். அந்தப் பேச்சுக்கு இனி இடமில்லை.

இதில் இன்னொன்றும் தோன்றுகிறது. பழைய வண்டியின் சூட்டுக்கு எத்தனையோ காரணம் உண்டு: பெல்ட் வாங்கித் தருவது முதலாளி, மூடி மாற்றுவது மெக்கானிக், காற்று முப்பந்தலுடையது. ஆனால் வண்டி கொதித்து நிற்கும்போது ஸ்டியரிங்கில் இருப்பது டிரைவர் ஒருவர்தான். குற்றமும் அவர் தலையில்தான் விழும். 1983 டிசம்பரில் மாருதி 800 வந்தது. அதில் மின்சார விசிறி, தண்ணீர் சூடானால் தானே ஓடும். பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் டப்பா, பொங்கின தண்ணீரைப் பிடித்துவைத்துத் திரும்பக் கொடுக்கும். கொஞ்சம் கொஞ்சமாக டிக்கியில் வெள்ள டின் வைக்கும் வழக்கம் போனது. 'வெள்ளம் பாக்காதவன்' என்ற வசவுக்கும் அர்த்தம் இல்லாமல் போனது. மாமாவுக்கு மட்டும் அது ஒட்டிக்கொண்டே இருந்தது.

மாமாவிடம் சொன்னது

ஒரு ஞாயிற்றுக்கிழமை பழைய பெல்ட்டைக் காகிதத்தில் சுற்றி எடுத்துக்கொண்டு மாமா வீட்டுக்குப் போனேன். திண்ணையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். காற்று, 45, 40, 5 என்று கணக்கும் சொன்னேன். அவர் ஒன்றும் பேசாமல் பெல்ட்டின் உட்பக்கத்தை விரலால் தடவிக்கொண்டே இருந்தார்.

"நான் அண்ணைக்கே சொன்னதாக்கும்," என்றார் கடைசியில்.

"ஆமா மாமா. நாங்கதான் கேக்கல."

கொஞ்ச நேரம் கழித்து, நான் கேட்காமலே சொன்னார்: "மக்களே, ஒண்ணு மட்டும் நான் யார்ட்டயும் சொல்லல. அந்த வண்டி பெல்ட்டு கீச்சுகீச்சுன்னு சத்தம் போட்டுட்டே கெடந்துது. சவாரிக்காரங்க மொகம் சுளிப்பாங்க. மொதலாளியும் ஏசுவாரு. போறதுக்கு முன்ன நான் அதுல சோப்பு தேச்சு விட்டேன். சத்தம் நிண்ணு போச்சு."

அந்தக் காலத்து டிரைவர்கள் எல்லோரும் செய்கிற வேலைதான் அது. சோப்பு தேய்த்தால் சத்தம் நிற்கும், பெல்ட் இன்னும் கூட வழுக்கும். நான் அதைச் சொல்லவில்லை. அவருக்கே தெரிந்திருந்தது. நாற்பது வருஷமாக அவர் அந்தப் பழியை ஏன் ஒரு அளவுக்குமேல் எதிர்த்துப் பேசவில்லை என்பது எனக்கு அப்போதுதான் புரிந்தது.

"பொய் சொல்லலியே மாமா," என்றேன்.

"பொய் சொல்லல," என்றார். பெல்ட்டைத் திரும்பக் காகிதத்தில் சுற்றி என் கையில் தந்தார். "அம்மையப் பாத்துக் கூட்டிட்டுப் போ. ஆடி முடியிறவரை தோவாளை தாண்டினா பைய போ. காத்துல போட்டி போடாத."

அம்மாவை இப்போதும் அந்த வண்டியில்தான் கூட்டிப் போகிறேன்.